இன்ஸ்டால் ஆகவில்லையா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்கள்

போன வருடம் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் அப்பாவோடு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பாடத்துக்குத் தேவையான ஒரு மென்பொருள் அவளுடைய லேப்டாப்பில் ஏறவில்லை. யாரிடமோ காட்டியிருக்கிறார்கள். "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லி அவர் போட்டும் கொடுத்துவிட்டார். இரண்டு வருடப் பாடக் குறிப்புகளும் அக்கா கல்யாணப் போட்டோக்களும் போய்விட்டன. அதற்குப் பிறகும் மென்பொருள் ஏறவில்லை. நான் திறந்து பார்த்தபோது அந்த லேப்டாப்பில் இருந்தது 32 பிட் விண்டோஸ். அவள் இறக்கியிருந்தது 64 பிட் என்ற இன்னொரு வகை விண்டோஸுக்கான ஃபைல். எத்தனை முறை ஃபார்மட் போட்டு அதே விண்டோஸை ஏற்றினாலும் அது ஓடாது.

அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருள் ஏறாமல் போவதற்கு ஃபார்மட் மருந்தாவது மிக அபூர்வம். பெரும்பாலும் அது எந்தப் படியில் நின்றது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். இன்ஸ்டாலர் செய்யும் வேலை வரிசையானது. முதலில் தன் மூட்டையை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரிக்கும். பிறகு கணினி தனக்குத் தோதானதா என்று சோதிக்கும், அனுமதி கேட்கும், ஃபைல்களை நகலெடுக்கும், கடைசியில் விண்டோஸின் பதிவேட்டில் தன் பெயரை எழுதும். மூட்டை பிரிக்கும்போதே நின்றால் ஃபைலில் கோளாறு. நகலெடுக்கும்போது நின்றால் இடத்திலோ அனுமதியிலோ கோளாறு. எல்லாம் முடிந்து திறக்கும்போது நின்றால் துணைக்கு வேண்டிய ஏதோ ஒன்று இல்லை.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். திரையில் வந்த செய்தியை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதோ எர்ரர் வந்துது, ஓகே அமுக்கிட்டேன்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள், அந்தப் பெட்டியில் இருந்த நாலு இலக்க எண்ணில்தான் பாதி விடை இருந்திருக்கும். அடுத்தது, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து திரும்பப் போடுவது அதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதி டிஸ்கில் உறங்கப் போய், மறுநாள் அப்படியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும். இந்த ஒன்றிலேயே தீர்ந்துபோன கேஸ்கள் நான் பார்த்ததில் நிறைய.

இனி உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்த இடத்துக்குப் போங்கள்.

"இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது" என்கிறது, அல்லது தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதல் சந்தேகம் பிட். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் சிஸ்டம் டைப் என்று ஒரு வரி இருக்கும். அதில் 32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தால் 64 பிட் மென்பொருள் எதுவும் ஏறாது. ஃபைல் பெயரில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. எக்ஸ் 64 என்றும் எக்ஸ் 86 என்றும் போட்டிருப்பார்கள். 86 பெரிய எண், ஆகவே அதுதான் புதியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எக்ஸ் 64 என்றால் 64 பிட், எக்ஸ் 86 என்றால் 32 பிட். அது சாதாரண 64 பிட் விண்டோஸிலும் ஓடும். எதை இறக்குவது என்று தெரியாதபோது எக்ஸ் 86 கிடைத்தால் அதை எடுங்கள்.

அதே வரியில் 32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றும் பக்கத்திலேயே எக்ஸ் 64 பிராசஸர் என்றும் இருந்தால், உங்கள் கணினி 64 பிட்டைத் தாங்கும், ஏற்றியிருக்கும் விண்டோஸ்தான் 32. புதிதாக விண்டோஸ் போட்டுத்தான் மாற்ற முடியும். அதற்கு முன் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விண்டோஸும் இதே வேலையைக் காட்டும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14 அன்று ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 7-ல் ஏறும் கடைசி குரோம் 109-ஆவது பதிப்பு. மற்ற மென்பொருள்களும் ஒன்றன் பின் ஒன்றாக அப்படித்தான் விலகுகின்றன. "கெர்னல் 32-ல் என்ட்ரி பாயின்ட் கிடைக்கவில்லை" என்ற மாதிரி செய்தி வந்தால், உங்கள் விண்டோஸில் இல்லாத ஒன்றை அந்த மென்பொருள் தேடுகிறது என்று பொருள். தயாரித்தவரின் தளத்தில் பழைய பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது. அதில் விண்டோஸோடு, பாஸ் லினக்ஸ் என்ற வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் போட்டுக் கொடுத்த மடிக்கணினிகள் உண்டு. பாஸில் நுழைந்துகொண்டு விண்டோஸுக்கான எக்ஸ்இ ஃபைலைத் தட்டினால் ஏறாது. அதற்கு டெப் வகை ஃபைல் வேண்டும். ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் பட்டியலில் விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். மொபைலுக்கான ஏபிகே ஃபைலை இறக்கி வைத்துக்கொண்டு கணினியில் திறக்கவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆண்ட்ராய்டுக்கானது.

புதிதாக வாங்கிய லேப்டாப்பில், ஸ்டோரிலிருந்து மட்டும்தான் ஏற்ற முடியும் என்று செய்தி வந்தால் அது எஸ் மோட் என்ற பூட்டு. ஸ்டோருக்குள்ளேயே இலவசமாக அதிலிருந்து வெளியே வரலாம். வந்தால் திரும்பிப் போக முடியாது, வீட்டு உபயோகத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

"ஃபைல் பழுதாகியிருக்கிறது, புதிய நகலைப் பெறவும்" என்கிறது

இதில் பத்துக்கு ஒன்பது, டவுன்லோட் பாதியில் அறுந்ததுதான். களக்காடு, நாங்குநேரி பக்கத்துக் கிராமங்களில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் இறக்குகிறார்கள். நடுவில் ஒரு போன் வந்தாலோ சிக்னல் தேய்ந்தாலோ இணைப்பு அறுந்துவிடும். ஃபைல் முழுதாக வந்தது போலவே தெரியும். அதை வைத்துக்கொண்டு பத்து தடவை தட்டினாலும் பலன் இல்லை.

சோதிப்பது சுலபம். ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். தளத்தில் 350 எம்பி என்று போட்டிருந்து உங்களிடம் 210 இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். அழிக்காமல் இறக்கினால் பெயருக்குப் பின்னால் 1 என்று சேர்ந்து இன்னொரு ஃபைல் வரும், நீங்கள் பழையதையே மறுபடி தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஷா 256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டைப் பாருங்கள். லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருள்களின் தளத்தில், டவுன்லோடோடு 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான சரத்தையும் கொடுத்திருப்பார்கள். உங்கள் கணினியில் செவன் ஜிப் என்ற மென்பொருள் இருந்தால், ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து அதே சரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒத்துப்போனால், டவுன்லோட் அறுந்ததா என்ற சந்தேகத்துக்கு அது போதும்.

ஜிப் ஃபைலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிப்பைத் திறந்து உள்ளே தெரியும் செட்டப்பை அப்படியே தட்டினால், விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் வெளியே எடுத்து ஓட்டும். பக்கத்தில் இருக்கவேண்டிய மற்றவை வராது. கேப் ஃபைல் கிடைக்கவில்லை, டேட்டா ஃபைல் கிடைக்கவில்லை என்று அது புலம்பும். முதலில் எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து ஒரு ஃபோல்டராக விரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஃபோல்டருக்குள் போய்த் தட்டுங்கள். பென்டிரைவிலிருந்து நேரடியாக ஏற்றுவதையும் தவிர்த்து, சி டிரைவில் நகலெடுத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

"விண்டோஸ் உங்கள் பிசியைப் பாதுகாத்தது" என்று நீலப் பெட்டி வருகிறது, அல்லது இறக்கிய ஃபைல் மாயமாகிறது

நீலப் பெட்டி வந்தாலே வைரஸ் என்று பொருளல்ல. அந்த ஃபைலை அதிகம் பேர் இறக்கியதில்லை, தயாரித்தவர் அதில் வைக்கும் டிஜிட்டல் கையெழுத்து விண்டோஸுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மோர் இன்ஃபோவைத் தட்டினால் ரன் எனிவே தெரியும். ஆனால் அதைத் தட்டும் முன் ஃபைல் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து வந்ததா, அல்லது தேடலில் முதலில் தெரிந்த ஏதோ ஒரு பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தானைத் தட்டி வந்ததா? இரண்டாவது என்றால் அழித்துவிடுங்கள்.

ஃபைல் மாயமாகிறது என்றால் ஆன்டிவைரஸ் தூக்கி வைத்திருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி என்ற இடத்தில் காரணம் இருக்கும். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் சிறு மென்பொருள்கள் சில நேரம் இப்படி மாட்டிக்கொள்ளும். நாம் அழுத்தும் விசைகளைக் கவனிப்பதுதான் அவற்றின் வேலை, திருட்டு மென்பொருளும் அதையேதான் செய்யும், அதனால் வரும் சந்தேகம். உங்களுக்கு வேண்டியது தமிழ் 99 மட்டும்தான் என்றால் இதோடு மல்லுக்கட்டவே வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்த விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும்.

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று ஒரு மென்பொருளே சொன்னால், முக்கியமாக அது கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, ஃபைலாக இருந்தால், ஏற்றாதீர்கள். நெட் பேங்கிங் செய்யும் கணினியில் கட்டாயம் கூடாது.

அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கிறது

வலது கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் நீங்கள் இருப்பது சாதாரணக் கணக்கு. கணினியை முதலில் செட் செய்தவரின் பாஸ்வேர்டை அங்கே கொடுத்தோ, அவர் கணக்கில் நுழைந்தோதான் ஏற்ற வேண்டும்.

"வேறொரு இன்ஸ்டால் நடந்துகொண்டிருக்கிறது", எண் 1618

விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். பின்னால் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம், கால் மணி நேரம் பொறுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் ரீஸ்டார்ட்.

பாதிக்கு மேல் போய்விட்டுப் பின்னோக்கி வருகிறது, எண் 1603

இதுதான் ஆட்களை அதிகம் சோர வைக்கும். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி போனில் சொன்னார்: "தம்பி, நாலு தடவ போட்டுட்டேன். முக்கால்வாசி போவுது, அப்புறம் சர்ருன்னு திரும்பி வந்துருது. ஏற மாட்டேங்கு." ஜிஎஸ்டி பில் போடும் மென்பொருள், மாதக் கடைசி வேறு. "அண்ணாச்சி, இது முதல் தடவை ஏத்தும்போது கரண்ட் போச்சா?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, போன வாரம் மழையில போச்சு" என்றார்.

கதை அதுதான். ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி ஃபைல்கள் ஃபோல்டரில் இருக்கும், பதிவேட்டில் பாதி எழுதியிருக்கும். அடுத்த முறை இன்ஸ்டாலர் வந்து பார்த்துவிட்டு, ஏற்கனவே இருக்கிறதே என்று குழம்பித் தன் வேலையைத் தானே அழித்துக்கொண்டு திரும்பிவிடும். முதலில் ஆப்ஸ் பட்டியலில் பழைய பெயர் தெரிகிறதா என்று பார்த்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். பிறகு சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அந்தப் பெயரில் மிச்சமிருக்கும் ஃபோல்டரை, உள்ளே உங்கள் கணக்கு விவரங்கள் இருந்தால் நகலெடுத்து வைத்துக்கொண்டு, பெயரை மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், பெயருக்குப் பின்னால் பழையது என்று சேர்த்தால் போதும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஏற்றுங்கள். அண்ணாச்சிக்கு அதிலேயே ஏறிவிட்டது. பில் எல்லாம் பத்திரமாக இருந்தது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல், லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜ் இல்லாமல் ஏற்றத் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

1603 என்ற எண் "ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது" என்று மட்டும்தான் சொல்லும். மின்சாரம் காரணமில்லையென்றால் அடுத்து உங்கள் கணக்கின் பெயரைப் பாருங்கள். இதைத் தமிழர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸை முதன்முதலில் செட் செய்யும்போது பெயரைத் தமிழ் எழுத்தில் அடித்திருந்தால், சி டிரைவில் யூசர்ஸ் என்பதற்குள் உங்கள் ஃபோல்டரும் தமிழிலேயே உருவாகியிருக்கும். தற்காலிக ஃபோல்டர் அதற்குள்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கான யூனிகோடு முறையை அறியாத பழைய இன்ஸ்டாலர்கள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் விழுந்துவிடும். தமிழில் பெயர் வைத்தது தவறே அல்ல, அந்த மென்பொருளை எழுதியவர்கள் யோசிக்காததுதான் குறை. பிறகு போய்க் கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் இன்னொரு கணக்கை உருவாக்கி, அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்து, அதற்குள் நுழைந்து எல்லாப் பயனர்களுக்கும் என்று ஏற்றுங்கள். உங்கள் தமிழ்க் கணக்கு அப்படியே இருக்கட்டும்.

அதுவும் இல்லையென்றால் லாக், அதாவது இன்ஸ்டாலர் தான் செய்ததை எழுதி வைக்கும் குறிப்பைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, டெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லை முன்னும் பின்னும் ஒரு சதவீதக் குறி சேர்த்து அடித்தால் தற்காலிக ஃபோல்டர் திறக்கும். தேதிவாரியாக அடுக்கினால், இப்போது தோற்ற இன்ஸ்டால் விட்டுச்சென்ற லாக் மேலே இருக்கக்கூடும். நோட்பேடில் திறந்து ரிட்டர்ன் வேல்யூ 3 என்று தேடுங்கள். அந்த வரிக்கு மேலே உள்ள பத்து, பதினைந்து வரிகளில்தான் எந்த ஃபைலைத் தொடும்போது தவறியது என்று இருக்கும். ஆங்கிலம் கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு ஃபைல் பெயரோ ஃபோல்டர் பெயரோ கண்ணில் படும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

இடம் போதவில்லை என்கிறது

மென்பொருளின் அளவைப் போல இரண்டு மடங்காவது சி டிரைவில் காலியாக இருப்பது நல்லது, ஏனென்றால் மூட்டையும் பிரித்ததும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் தற்காலிக ஃபைல்களை நீக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்பதும் இருக்கும், அதில் டிக் போடாதீர்கள். உங்கள் ஃபைல்கள் போய்விடும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டர் பல ஜிபி இருப்பதைக் கண்டு சிலர் அழித்துவிடுகிறார்கள். அதைத் தொடவே கூடாது. ஏற்கனவே ஏறிய மென்பொருள்களைச் சரிசெய்வதற்கும் நீக்குவதற்கும் விண்டோஸ் அங்கேதான் தேடும். அதை அழித்த வீடுகளில் அப்புறம் எதை நீக்கப்போனாலும் தகராறுதான்.

ஏறிவிட்டது, ஆனால் திறக்கும்போது டிஎல்எல் இல்லை என்கிறது

டிஎல்எல் என்பது மென்பொருள் துணைக்கு அழைக்கும் ஒரு ஃபைல். விசி ரன்டைம் 140 அல்லது எம்எஸ்விசிபி 140 என்ற பெயர் வந்தால், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இறக்கி ஏற்றுங்கள். 64 பிட் விண்டோஸ் என்றாலும் எக்ஸ் 86, எக்ஸ் 64 இரண்டையும் ஏற்றுங்கள், ஏனென்றால் 32 பிட் மென்பொருள் 32 பிட் துணையைத்தான் தேடும். அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் தனியாகக் கொடுக்கும் தளங்களுக்குப் போகவே வேண்டாம். பழைய கணக்கு மென்பொருள்கள் டாட்நெட் 3.5 என்ற இன்னொரு துணையைக் கேட்கும். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் டிக் போட்டால் இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும்.

சான்றிதழ் செல்லாது என்கிறது, இணையதளங்களும் திறக்க மறுக்கின்றன

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கிறதா? மென்பொருளின் கையெழுத்துக்கும் தளங்களின் சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு. உங்கள் கணினி இன்னும் 2015-ல் இருந்தால், நேற்று கொடுத்த சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை.

தேதியைச் சரிசெய்தும் மறுநாள் திரும்பப் பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது. நாணயம் போல வட்டமாக இருக்கும், சிஆர் 2032 என்று போட்டிருக்கும், 3 வோல்ட். 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். டெஸ்க்டாப்பில் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம், எழுத்து உள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு செய்தியோடு நிற்கிறது

இதுவரை சொன்னவை ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிற்பவை. இடம் மாறி மாறி நின்றால் மென்பொருளை விட்டுவிட்டுக் கணினியையே சந்தேகப்படுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆற்றங்கரைத் தெருக்களில் தண்ணீர் புகுந்தபோது நனைந்த ஒரு டெஸ்க்டாப்பைக் காயவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றாட வேலைக்குக் குறை தெரியவில்லை. பெரிய மென்பொருளை ஏற்றும்போது மட்டும் ஒருநாள் ஃபைல் பழுது என்றது, மறுநாள் நீலத் திரை. ரேமின் தங்கப் பட்டைகளில் உப்புப் பூத்திருந்தது. எடுத்து ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டியதும் ஏறிவிட்டது. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஸ்டார்ட் மெனுவில் தேடினால் ரேமைச் சோதிக்கும் கருவி வரும். ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டிஸ்கில் கரகரவென்று சத்தம் கேட்டால் வேறு எதையும் செய்யாமல் முதலில் போட்டோக்களை வெளியே எடுங்கள்.

எதிலும் சிக்கவில்லை

விண்டோஸின் சொந்த ஃபைல்களே சேதமாகியிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்கோடு, அதை ஒட்டியே ஸ்கேன்நவ் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். நேரம் எடுக்கும், மூடிவிடாதீர்கள். அதற்கும் மசியவில்லையென்றால், விண்டோஸ் முன்பு சேமித்து வைத்த ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால் அந்த நாளுக்குத் திரும்பலாம், உங்கள் ஆவணங்கள் அப்படியே இருக்கும். அதன் பிறகுதான் ரீசெட், அதாவது விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அதிலும் கீப் மை ஃபைல்ஸ் என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு முன்பாகவும் ஒரு நகல் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவரிடம் உதவி கேட்பதாக இருந்தால் நான்கை அனுப்புங்கள்: செய்தியின் போட்டோ, ஃபைலின் முழுப் பெயரும் அளவும், சிஸ்டம் டைப் வரி, எந்தப் படியில் நின்றது என்பது. இவை கையில் இருந்தால் திசையன்விளையில் இருக்கும் கணினிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து போனிலேயே வழி சொல்லிவிடலாம், யாரும் சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை.